வாய் திறக்காத படைப்பிரிவு

நம்மிடையே மனோசக்திக்காரர் என்றொரு இனம் உலவுகிறது. ஜடாமுடி, மந்திரம் எதையும் தேடாதீர்கள். பார்க்க உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவை முறைப்பார்; திறந்தால், அது தன் பார்வைக்குப் பணிந்தது என்பார். ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விளக்கை உறுத்துப் பார்ப்பார். பச்சை விழுந்ததும், பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் உபகாரம் செய்த முகத்தோடு ஸ்கூட்டரைக் கிளப்புவார். விழாவிட்டால்? அன்றைக்கு மனம் குவியவில்லை, அவ்வளவுதான். வேண்டியதை வாய்விட்டு மட்டும் கேட்கமாட்டார்.

ஆஸ்டின் டவுன் கில்பர்ட் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். ராணுவ ஸ்டோரில் பூட்ஸும் கம்பளியும் வழங்கி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அண்மையில் டிவியில் ஒரு படம் பார்த்தார். அதில் வரும் வீரர்கள் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, எதிரி முகாமின் சமையற்காரரை மனதாலேயே ஆட்டிவைத்து, சூப்பில் உப்பை அள்ளிப் போட வைக்கிறார்கள். எதிரி தண்ணீருக்கு ஓட, போர் முடிகிறது. மனைவி மௌரீன் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தார். கில்பர்ட் சிரிக்கவில்லை. பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. மகள் லீனா, பீன்யாவில் வேலை பார்க்கும் அஷ்வத்தை, அப்பா வேண்டாமென்று சொல்லியும் மணந்துகொண்டவள். அதன்பிறகு வாசல் மிதிக்கவில்லை. அவள் வரவேண்டும், ஆனால் இவர் கூப்பிட்டு வரக்கூடாது. மனோசக்தியை விட்டால் வேறு வழி?

ஆகவே ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டுப் புருவத்தை நெரிக்கலானார்.

“என்னங்க பண்றீங்க?”

“பேசாத மௌரீன். லீனாவ இழுத்துட்டு இருக்கேன்.”

“போன் போட்டு இழுங்களேன். பேலன்ஸ் இல்லையா?”

“மிலிட்டரிக்காரன் கெஞ்சமாட்டான்.”

“ஆமா, பெரிய மிலிட்டரி! சும்மா பூட்ஸ் எடுத்துக் குடுத்துட்டு இருந்தவரு.”

ஒரு ஞாயிறு, பன் வாங்கத் தெருமுனை பேக்கரிக்குப் போன மௌரீன், வெறுங்கையோடு ஓடிவந்தார்.

“ஏங்க, லீனா வந்திருக்கா! பேக்கரி வாசல்ல நின்னு நம்ம வீட்டையே முறைச்சுட்டு இருக்கா.”

கில்பர்ட் துள்ளினார். “பாத்தியா! பேக்கரி வரைக்கும் வந்துட்டா. இன்னும் கொஞ்சம் அழுத்தினா கேட்டுக்கே வந்துடுவா.”

“வரமாட்டா. ‘டாடி வெளிய வந்து கூப்பிடணும்னு மனசுலயே சொல்லிட்டு இருக்கேன், கெடுக்காதீங்க மம்மி’ங்கிறா. போன வாரமும் வந்து நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாளாம்.”

போன வாரம். இவர் கதவுக்கு இந்தப் பக்கம் முறைத்துக்கொண்டிருந்த அதே நேரம்.

கில்பர்ட் கேட்டுக்கு வந்தார். மகளின் நெரிந்த புருவம் அங்கிருந்தே தெரிந்தது. இந்தத் தடவையும் திரும்பிவிட்டால்? வாயைத் திறந்தார்.

“லீனா! உள்ள வாம்மா. அவன்... அஷ்வத்தையும் கூட்டிட்டு வா.”

“அவரு பேக்கரி உள்ள பஃப்ஸ் சாப்பிடறாரு டாடி!” லீனா அழுதுகொண்டே கத்தினாள். “போய் வீட்டு பெல் அடிச்சா முடிஞ்சு போச்சுன்னு காலைல இருந்து சொல்றாரு!”

சாப்பாட்டு மேசையில், யார் யாரை இழுத்தது என்று அப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சரி. நேற்று ஒரு பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று தெரிந்ததும், முதலில் அவரே எழுதட்டும் என்று போனை முறைத்துக்கொண்டிருந்தீர்களே, அவர் அந்த முனையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்?