அடியில் இருப்பவர் என்ன முறை?

எனக்கே விளங்காத ஒன்றை அடுத்தவருக்கு விளக்கச் சொன்னால் என் நாக்கு பிரமாதமாகப் புரளும். அந்தத் திறமையால் ஒரு பூட்டு வியாபாரத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். வெப்சைட் செய்து பிழைத்துக்கொள்வேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன். தீபாவளிக்குள் ஒருவராவது சிக்காவிட்டால், அப்பா சொல்லிவைத்திருந்த, தோல் பதனிடும் ‘தோல் ஷாப்’ வேலைக்குப் போக வேண்டும். (அந்த வாடைக்கு எனக்குத் தெருமுனையிலேயே குமட்டும்.) கடைசியில் சிக்கியவர் அப்பாவின் சிநேகிதர், பூட்டுக்கடை ஆரோக்கியம் மாமா.

பக்கம் தயாரானது. தேடுகிறவர்கள் கண்ணில் அது முதலில் பட வேண்டுமே! அதற்கென்று இணையத்தில் ஓர் இலவசச் சேவை இருந்தது. அந்தச் சேவை தரும் ஒரு வரி நிரலை ஒட்டினால், நம் பக்கத்தின் அடியில் அதே துறைக்காரர்களின் இணைப்புகள் தானாக வந்து நிற்கும். அவர்கள் பக்கத்தின் அடியில் நம்முடையது நிற்கும். யார் வருவார்கள் என்று பார்க்காமலே ஒட்டிவிட்டேன்.

மாமாவிடம், கல்யாணப் பத்திரிகையின் அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று சொந்தக்காரர் பெயர்களைப் போடுவதில்லையா, அது மாதிரிதான் என்று அளந்தேன். அவருக்கு ஒரே பெருமை. லாட்ஜ் அறைகளுக்குப் பூட்டு வாங்கப் பழனியிலிருந்து வந்திருந்தவரையும் கையோடு சென்டருக்கு அழைத்து வந்துவிட்டார்.

லாட்ஜ்காரர் அடிவரை நிதானமாகப் படித்தார். “ஏனுங்க, சாவியே இல்லாம எந்தப் பூட்டையும் தொறக்கலாம்னு போட்டிருக்குதுங்களே?”

மாமா என்னைப் பார்த்தார். “ஏலே அப்பு, இவன் நமக்கு என்ன மொற வேணும்?”

எனக்குத் தோல் வாடை அப்போதே அடித்தது. மாமா அசரவில்லை. கடைக்குக் கூட்டிப்போய், ஒரு பூட்டைப் பூட்டி லாட்ஜ்காரர் கையில் கொடுத்து, அந்த இணைப்பில் சொன்னபடியே திறக்கச் சொன்னார். அவர் கம்பியை விட்டு அரைமணி நேரம் குடைந்தார். கம்பிதான் வளைந்தது. அறைகள் அத்தனைக்கும் பூட்டு சொல்லிவிட்டுப் போனார்.

“அவனுகளத் தூக்கிட்டு ஒம் பேரப் போடு. தப்பு வந்தா ஒன்னயப் பிடிக்கலாம்ல” என்றார் மாமா. போட்டேன். அடியில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த மாதமே லாட்ஜ்காரர் தம் லாட்ஜுக்கும் வெப்சைட் செய்ய என்னைக் கூப்பிட்டார். தோல் ஷாப் தப்பித்தது.

பிறகு என் கல்யாணப் பத்திரிகையில் ‘நல்வரவை விரும்பும்’ வரிசையில் மாமா பெயரையும் போட்டோம். அதைக் கையில் வாங்கியவர் மேலே மாப்பிள்ளை பெயரைப் பார்க்கவே இல்லை.

“எனக்குப் பக்கத்துல கள்ளச்சாவிக்காரன் யாரும் நிக்கலயே அப்பு?”