வீட்டுக்காரிக்குப் புராஸ்டேட்

விழுப்புரம் மாவட்டத்து ஆண்களின் ஆரோக்கியம் 2014-ஆம் ஆண்டு இணையத்தில் ஏற்றப்பட்டது. அதுவரை அது எங்கே இருந்தது என்று யாரும் தேடவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் திண்டிவனம் டாக்டர் பாண்டுரங்கன். சும்மா இருக்காமல் ஓர் ஆராய்ச்சி செய்துவிட்டார் மனுஷன். வயசு ஏற ஏற ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒன்றுக்குப் போவதே பெரும்பாடாகிறது, வெட்கப்பட்டு முற்றவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் "என் வீட்டுக்காரிக்கு சார்" என்றுதான் மருந்து கேட்கிறார்கள். பெண்களுக்கு அந்தச் சுரப்பியே கிடையாது என்று சொல்ல டாக்டருக்கும் வாய் வரவில்லையாம்.

இதைச் சுவையாக ஃபேஸ்புக்கில் போடும் பொறுப்பு, மாவட்ட நலவாழ்வு விழிப்புணர்வுப் பிரிவின் தீனதயாளன் தலையில் விழுந்தது. ஐம்பத்திரண்டு வயது. ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க அவருக்குத் தன் ஜாதகத்தையே படிப்பது போலிருந்தது. நடுநடுவே எழுந்து போனார், நின்றார், சும்மா திரும்பினார்.

"ஜல்தியா டாக்டர்கிட்ட காட்டிடலாம், வாங்க," என்றாள் மனைவி சூர்யகலா.

"இதைப் பத்தி எழுதிக்கினு இருக்கிறவனே போய் க்யூவுல நின்னா நல்லாவா இருக்கும்? பேஜ் வரட்டும்."

துணை இயக்குநர் முருகையன் கூட்டம் போட்டார். "புராஸ்டேட்னா எவன்யா லைக் போடுவான்? முறுக்கு மீசைப் படம் போடு. கீழே 'நீ சிங்கம்'னு எழுது."

"சிங்கத்துக்கு என்ன வியாதி சார்?"

"சிங்கத்துக்கு வியாதியே வராது. அதான் மெசேஜ்." திடீரென்று எழுந்தார். "போன் வருது, இதோ வர்றேன்."

போன் மேசைமேலேயே கிடந்தது. தீனதயாளனுக்கும் முட்டியது. போய்ப் பார்த்தால் கழிவறை உள்ளே தாழ்ப்பாள். வெகுநேரம் காத்து நின்றார். பிறகு இருவரும் திரும்பி வந்து மேற்படி பொருள் குறித்துத் தீவிரமாக ஆலோசித்தார்கள்.

சிங்கத்துக்கு லைக் குவிந்தது. கேள்வி ஒன்றுகூட வரவில்லை.

"ஆம்பளை தன் பேர்ல கேக்க மாட்டான், டாக்டரே சொல்லியிருக்காரே," என்று ஆராய்ச்சியை முதன்முறையாகப் பயன்படுத்தினார் முருகையன். "பேஜைப் பொம்பளைங்க பக்கமா மாத்து."

'மங்கையர் நலம்' உதயமாயிற்று. அடேயப்பா, கேள்விகள் கொட்டின! கண்டமங்கலத்து ரோஜா எழுதினாள்: "மீசை நரைத்த பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது தோழி." திருவெண்ணெய்நல்லூர் ஜெயம்மாள் பைக்கில் மரக்காணம் போய்ச் சேர்வதற்குள் வழியிலுள்ள பனைமரமெல்லாம் பழக்கமாகிவிட்டதாம். "தாமதிக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று எல்லாருக்கும் பதில் எழுதினார் தீனதயாளன். எழுதிவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் காலை சுத்தமாக அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாகிவிட்டது. உயிர் போகிற அந்த வலியிலும் "விழுப்புரத்துல வேணாம், தெரிஞ்சவன் பாத்துடுவான்" என்று அழுதார். சூர்யகலா தலையில் அடித்துக்கொண்டு கார் பிடித்துத் திண்டிவனம் கொண்டுபோனாள்.

"யாருக்கு?" என்றார் பாண்டுரங்கன்.

"இவளுக்குத்தான் சார்," என்று முனகினார் தீனதயாளன்.

"ஆமா சார், எனக்குத்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ஆளுதான் என் வியாதி. படுக்க வெச்சுப் பாருங்க."

டியூப் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்யா," என்று டாக்டர் திட்டினார். தீனதயாளனுக்குத் திட்டே காதில் விழவில்லை, அவ்வளவு சுகமாயிருந்தது.

மறுநாள் முருகையன் போன் செய்தார். "நம்ம பேஜுக்கு மகளிர் நலனுக்கான முதல் பரிசுய்யா! ஆண்கள் திட்டத்தை மூடிட்டாங்க. ஒரு ஆம்பளைகூட கேள்வி கேக்கலியே, எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்கன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. ஆமா, உனக்கு எதுக்கு லீவு?"

தீனதயாளன் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார். "வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல சார்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது. "எந்த டாக்டர்யா? என் வீட்டுக்காரிக்கும் அதே தொந்தரவுதான்."

சூர்யகலா போனைப் பிடுங்கினாள்.

"தாராளமா அம்மாவைக் கூட்டிக்கினு வாங்க சார். ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணி குடிக்கணும். அதை மட்டும் நீங்களே குடிச்சிடுங்க."