பல் டாக்டர் நசீருதீன்

முருகவேலின் போன் மறுபடியும் அடித்தது. திரையில் 'முதலாளி' என்று வந்தது.

"எடுக்காதடா," என்றான் மாறன்.

"எடுக்கலன்னாதான் சந்தேகம் வரும். நான் பாத்துக்கறேன்."

இந்த 'நான் பாத்துக்கறேன்' முருகவேலின் வாயிலிருந்து வரும்போதெல்லாம் மாறனும் நசீருதீனும் உஷாராகிவிடுவார்கள். காரணம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், கல்லூரி நாட்களில், 'ஈரச்சட்டை' ராக் குழுவின் கச்சேரிக்கு மூவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தது முருகவேல்தான். சட்டைப் பையில் வைத்திருந்தான். சட்டை சலவைக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே குழு சண்டை போட்டுக்கொண்டு கலைந்தது. அன்றிலிருந்து மூவரும் எங்கே கூடினாலும், டீ வருவதற்குள் அந்தச் சட்டைப் பேச்சு வந்துவிடும். முருகவேலும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் வலிக்கும்.

இப்போது ஈரச்சட்டை மறுபடி ஒன்று சேர்ந்திருந்தது. சென்னையில்கூட இல்லை, திருவண்ணாமலையிலேயே, செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் தோப்பில், ஒரே ஒரு மாலை. இந்த முறை எல்லாம் தன் பொறுப்பு என்று முருகவேல் அறிவித்துவிட்டான். மூன்று டிக்கெட்டுகளையும் லேமினேட் செய்து ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

இடைஞ்சல் லீவுதான். அவன் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் பலராமன் என்பவரின் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது; ஆகவே லீவும் கிடையாது. அண்டா குண்டான்களை எண்ணித் துலக்குவதற்காகவே ஆடி பிறக்கிறது என்பது பலராமனின் கொள்கை. எனவே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்னால் இருக்கும் சமையல் கொட்டகையை மட்டும் பாத்திரம் துலக்கும் ஆட்களுக்குத் திறந்து கொடுத்துவிட்டு வந்தான். தான் இல்லாமல் ஒரு கதவும் திறக்கக் கூடாது என்ற கெத்தில், மண்டபத்தின் ஒரே சாவிக்கொத்து எப்போதும்போல அவன் இடுப்பிலேயே இருந்தது.

நாலு மணிக்குப் பேய் மழை. தோப்பு முழுக்கச் சேறு. மேடையில் ஒயர்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ருத்திராட்சம் போட்ட வெள்ளைக்காரர்களும் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட சென்னைப் பையன்களும் விடுதித் தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். ஏற்பாட்டுக் குழுவிலிருந்து பூஜா என்ற பெண் வந்து, வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் பலராமன் விடாமல் கூப்பிட ஆரம்பித்தார்.

முருகவேல் கைக்குட்டையைச் சுருட்டிக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "ழொல்லுங்க ழார்."

அவர் ஏதோ அவசரமாகக் கேட்டார். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. பல் பிடுங்கும் இடத்தில் ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. முருகவேல் வலியில் துடிப்பதுபோல முனகிவிட்டு வைத்தான். முனகல் அளவுக்கு மீறிப் போய்விட்டது. பலராமன் பதறிப்போய் உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

தேரடித் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நசீருதீனுக்குக் கனமான குரல். முருகவேல் அவன் கையில் போனைத் திணித்தான்.

"டாக்டர் பேசறேங்க," என்றான் நசீருதீன். "வீக்கம் ஜாஸ்தியா இருக்குது. பேஷண்ட் பேசக் கூடாது."

ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பலராமன் மன்றாடினார். நசீருதீன் மசியவில்லை. அப்படியானால் நானே நேரில் வருகிறேன், எந்த ஆஸ்பத்திரி என்றார். நசீருதீன் அவசரமாக ஒரு தூரத்து ஊரைத் தேடினான்.

"வேலூருங்க," என்றான். "கேஸ் சீரியஸுன்னு இங்க அனுப்பிட்டாங்க. காலையில வரைக்கும் அவரு வாயத் தொறக்கவே கூடாது."

போனை வாங்கி ஸ்விட்ச் ஆஃப் செய்த கையோடு முருகவேல் அவனைக் கட்டிக்கொண்டான்.

"பாவம்டா, ஏதோ அவசரம்போல," என்றான் நசீருதீன்.

"இன்னா அவசரம்? சாம்பார் வாளி எத்தினின்னு கேப்பாரு."

முருகவேலின் நெஞ்சு நிமிர்ந்தது. டிக்கெட் கழுத்தில் இருக்கிறது, முதலாளியைச் சமாளித்தாயிற்று, பதினோரு வருடக் கறை இன்றோடு போகிறது. முதல் பாட்டுக்கு எங்கே நிற்பது என்று மாறனிடம் விளக்கத் தொடங்கினான்.

அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாயிற்று. திடீரென்று குழுவின் வேன் தாழ்வாரத்தைக் கடந்து, சேற்றை வாரியிறைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறியது. பூஜா கண் கலங்கி வந்து, கச்சேரி ரத்து என்றாள். பாடகரும் கிடார்காரரும் காத்திருந்த எரிச்சலில் வேனுக்குள்ளேயே மறுபடி சண்டை போட்டுக்கொண்டார்களாம். இனி ஜென்மத்துக்கும் சேர மாட்டார்களாம்.

கூட்டம் குமுறியது. எல்லோரையும்விட முருகவேல்தான் கொதித்தான். நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

"எவனால நின்னுச்சு? ஆளை மட்டும் சொல்லுங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

பூஜா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேங்கிக்கால்ல நல்ல மண்டபமா கெடச்சுதுங்க, ஓனரும் ஒத்துக்கிட்டாரு. சாவி வச்சிருக்கிற மேனேஜருக்குத்தான் வேலூர்ல பல்லு புடுங்கறாங்களாம், காலையில வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாராம்."