மோட்டாருக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

பெட்ரோல் வண்டிக் காலத்தில், பார்க்கிறவர்களிடமெல்லாம் மைலேஜ் பேசிக் கழுத்தறுத்த ஓர் இனம் இருந்ததே, அது அழிந்துவிட்டது என்றா நினைத்தீர்கள்? இல்லை. மின்சார ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு, மோட்டார்ச் சூடு பேசும் இனமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் இந்த இனத்துக்காரர் வீட்டுக்குள் போகமாட்டார். குனிவார். புறங்கையை மோட்டார்மேல் வைப்பார். பிறகு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத தகப்பனைப் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எதிரில் அகப்பட்டவரிடம் சொல்வார்: "கொதிக்குது சார்!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இப்படித்தான் தம் குடியிருப்பில் 'தெர்மாமீட்டர்' என்று பெயர் வாங்கியிருந்தார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை.

"ஏங்க, சூட்டத் தாங்குற மாதிரிதான செஞ்சிருப்பாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டால், "செஞ்சவன் ஏசி ரூம்ல உக்காந்து செஞ்சிருப்பான். வெயில்ல ஓட்டுறது நான்தான?" என்பார்.

மனைவிக்குத் தலைமையாசிரியைப் பதவிக்கான நேர்காணல் வந்தது. அன்று வண்டி சூடாகிவிடக் கூடாதே என்று மனிதர் காலையிலேயே ரகசியமாக ஒரு காரியம் செய்தார். மோட்டாரைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டினார். துண்டு காய்ந்துவிடுமே என்று அதன்மேல் பளபளக்கும் அலுமினியத் தாளையும் சுற்றினார். தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டார்.

மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகையில், மேம்பால ஏற்றத்தில் வண்டி முனகியது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

"பாத்தியா? சூடாகும்னு நான் சொன்னேனா இல்லையா?" அவர் குரலில் அப்படி ஒரு பெருமிதம். நேர்காணலுக்கு நேரமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மனைவி இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது, மோட்டாருக்குப் போர்வையா?"

"போர்வை இல்லம்மா. ஈரத்துண்டு."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா கம்பளியப் போத்தி, மேல பாலிதீனையும் சுத்திப் படுக்க வைக்கட்டுமா?"

"அது வேற, இது வேற..."

"அந்த வரிவரியான தகடெல்லாம் அழகுக்கா வச்சிருக்காங்க? காத்து படணும்ல!"

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் உருவி எறிந்தார். துண்டிலிருந்து ஆவி பறந்தது. பாலத்துக் காற்றில் மோட்டார் மெல்ல ஆறியது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே..." என்று அவர் இழுப்பதற்குள் அந்த அம்மாள் முன் இருக்கையில் ஏறிவிட்டார். "நீங்க துண்டோட ஆட்டோல வாங்க!"

அவமானத்தோடு கடைக்குப் போனவருக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. மனைவிக்குப் பதவி கிடைக்காமல் போயிருந்தால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

சாயங்காலம் வீடு திரும்பினால், பதவி கிடைத்துவிட்டது. கோபக்கார ஆசிரியர்களை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்களாம். "அமுக்கி மூடி வைக்கமாட்டேன். மனசுல இருக்கறதப் பேசவிட்டு ஆறவிடுவேன்" என்றாராம் அந்த அம்மாள். கேட்டவர்கள் அசந்துபோனார்களாம்.

தெர்மாமீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் மட்டும் துண்டு கட்டலன்னா, உனக்கு அந்தப் பதில் வந்திருக்குமா?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் சார்ஜில் கிடக்கும் உங்கள் செல்போனை எடுத்து, பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கவலையோடு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியது நேற்றா, முந்தாநாளா?