நூற்றுப் பன்னிரண்டு படி

வரதராசாவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடி மேசையில் விழும். அன்றைக்குத் தரையிலேயே விழுந்தது. தண்ணீர்க் கந்தோர் வீடு வீடாகப் போட்ட துண்டுப்பிரசுரத்தை அவர் படித்துவிட்டார். பல்லேகலப் பக்கத்துக் கூரைகளிலும் தெருக்களிலும் விழுகிற மழைநீரைத் தேக்கி, வீடுகளில் குளித்துக் கழுவிய நீரையும் சுத்திகரித்து அதோடு சேர்த்து, இந்தக் கிழமையிலிருந்து ஊருக்குக் குடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம்.

“கழுவின தண்ணியைக் கழுவித் தரப்போறாங்களாம்! பாரும் வதனா, இவங்களுக்கு வெக்கமில்லையோ?”

“மூண்டு தரம் வடிச்சு, சோதிச்சுத்தான் தருவினம் எண்டு எழுதிக் கிடக்கெல்லோ,” என்றாள் அவர் மனைவி.

“தெருவிலை மாடு போடுறதும் அந்த மழையோடைதான் வரும். உமக்கு அது தீர்த்தம். எனக்கில்லை!”

வரதராசா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் பிரதம லிகிதராக இருந்தவர். கதிரையை விட்டு எழும்பாமலே ‘நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பதில் மன்னன். இப்போதும் கதிரையில் இருந்தபடியே சபதம் போட்டார்.

“இண்டையிலிருந்து பீலித் தண்ணியைத் தவிர ஒரு சொட்டு என்ரை தொண்டையிலை இறங்காது. சத்தியம்!”

பீலி என்பது மலையிடுக்கில் குழாய் வைத்த ஊற்று. அவர்கள் வீட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி கீழே.

“ஆர் போய் அள்ளுறது?”

“எனக்குக் கந்தோருக்கு மனு எழுதுற வேலை கிடக்கு.”

வதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலது முழங்கால் வீங்கி ஆறு மாதம். “சபதம் உங்கடை, முழங்கால் என்ரையோ?” என்று கத்தினாள். அவர் மனுவுக்குத் தலைப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இரண்டு கேனோடு போனாள். முக்கால் மணித்தியாலத்தில் பின்வாசலால் குசினிக்குள் வந்து, அடுப்படியிலேயே செம்பை நிரப்பி அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். அவர் அண்ணாந்து குடித்துச் சப்புக் கொட்டினார்.

“ஆ! இதெல்லோ தண்ணி. மூலிகை மணக்குது. உமக்கு மணக்கேல்லையோ?”

“உங்கடை நாக்கு எனக்கு இல்லையே!”

இப்படியே மூன்று மாதம் போனது. மனுக்கள் பதினான்காயின. கந்தோர் பொறுத்துப் பார்த்துவிட்டு, அஸ்ஃபர் என்ற இளம் எஞ்சினியரை அனுப்பியது. வரதராசா ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீரும் மற்றதில் செம்புத் தண்ணீரும் வார்த்து நீட்டினார். அஸ்ஃபர் இரண்டையும் குடித்தார்.

“ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே ஈக்குது, சேர்.”

மூக்குக்கண்ணாடி பறந்தது. “நாக்கோ அது, செருப்புத் தோலோ? சாக்கடைக்கும் ஊத்துக்கும் வித்தியாசம் தெரியாத நீர் எஞ்சினியரோ? வாரும், பீலியையே காட்டுறன்!”

“இந்த வெயிலுக்கை வேண்டாமப்பா,” என்றாள் வதனா. அவர் கேட்கவில்லை.

அந்தப் படிகளில் அவர் இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கீழே பீலிக்குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அஸ்ஃபர் ஒரு வார்த்தை பேசாமல் கீழ் றோட்டால் பஸ் ஏறிப் போய்விட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது வரதராசாவுக்கு.

பல்லைக் கடித்தபடி மேலே ஏறினார். வீட்டுக்கு மூன்று படி இருக்கையில், வாசல் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரத்தினம்மா நிமிர்ந்தாள்.

“பீலிக்கா போனீங்க? அது வத்தி நாலு மாசமாச்சுங்களே ஐயா! அக்கா தெனம் வெறும் கேனோட வந்து, நம்ம வீட்டுல பிளேன்டீ குடிச்சிட்டு, வெறும் கேனோடதானே போறாங்க. தெரியாதுங்களா?”

தொண்டை வறண்டு, மூச்சு இரைக்க, வரதராசா குசினி வாசலில் போய் நின்றார்.

“மூண்டு மாசமா என்னை ஏமாத்தினீரோ?”

“மூண்டு மாசத்திலை ஒருநாள், ‘முழங்கால் எப்பிடி’ எண்டு கேட்டனீங்களோ?” வதனாவின் குரல் நடுங்கியது. அவ்வளவு கோபம்.

அவருக்கு இருமல்தான் வந்தது.

“சரி, சொல்லுங்கோ. என்ன தண்ணி வேணும்?”

வரதராசா சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஆனாலும் சபதம் சபதம்தானே.

“பீலித் தண்ணிதான்,” என்றார் விறைப்பாக.

வதனா செம்பை எடுத்துக் குழாயைத் திறந்தாள்.