மேடையில் தூங்க வேண்டியவர்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இரண்டையும் கண்டுபிடித்துக் களைத்துப்போனவன் படுப்பதற்கு எங்கள் கம்பெனி மெத்தை தயாரித்தது. மனித நாகரிகம் அத்தோடு பூர்த்தியாகிவிட்டது என்பது என் பணிவான கருத்து. நான் அந்தக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 'தலை சாய்த்தால் போதும்' என்ற வாசகம் நான் எழுதியதுதான். ஆகவே என் கருத்தில் பாரபட்சம் எதுவும் கிடையாது.

இப்பேர்ப்பட்ட கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர் மூலமாக வந்தது என்பதை வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அத்தான் எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவின் தலைவர். பிரிவு என்பது அவரும் ஒரு தொலைபேசியும்தான். ஒருநாள் காலை ஒருவர் கூப்பிட்டு, உங்கள் மெத்தையில் படுத்தால் பொட்டுத் தூக்கம் வரவில்லை என்று பொரிந்து தள்ளினார். அத்தான் மிகுந்த கனிவோடு பதில் சொன்னார்:

"எனக்கும் அப்படித்தான் சார். நான் மாத்திரை போட்டுக்கிறேன்."

எங்கள் கம்பெனிக்கு வரும் அழைப்புகள் எல்லாம் 'சேவையின் தரத்தை உயர்த்தும் பொருட்டு' பதிவு செய்யப்படுகின்றன. இந்த அழைப்பு அவசரக் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அத்தானின் குரல் முன்னைவிடக் கனிவாகக் கேட்டது. மனிதவள அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேலாளர் மேசையைத் தட்டினார்.

"மெத்தை விக்கிறவனே மாத்திரை போட்டுத் தூங்குறான்னு வெளியில தெரிஞ்சா என்னய்யா ஆகும்? ஜனங்க மாத்திரையை வாங்கிட்டுத் தரையில படுத்துக்க மாட்டாங்களா?"

மேலாளர் தன்னையே உதாரணமாகக் காட்டினார்.

"என்னைப் பாருங்க. ஆயுசுல ஒரு மாத்திரை தொட்டதில்ல. மனசுல இருக்குறதை எல்லாம் ராத்திரி இந்தப் புகார்ப் பிரிவுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன். போனை வச்சா அடுத்த நிமிஷம் குறட்டைதான்."

இது முழு உண்மை. எங்கள் மேலாளரின் கடமை உணர்ச்சிக்கு இரவு பகல் கிடையாது. குறிப்பாகப் பகல் கிடையாது. அவருக்கு யோசனைகள் உதிப்பதே படுத்த பிறகுதான். தலையணை உறையின் மூலை ஏன் கூர்மையாக இருக்கிறது, போட்டிக் கம்பெனி ஸ்பிரிங் போடுகிறதாமே, வாயிற்காவலர் நேற்று வைத்த வணக்கத்தில் ஏதோ குறைகிறதே என்று வரிசையாக வரும். விடியும்வரை வைத்திருந்தால் ஊசிப்போய்விடும் என்பதால் சுடச்சுட அத்தானிடம் ஒப்படைத்துவிடுவார். அத்தான் "சரி சார்" என்பார். மேலாளர் தூங்கிவிடுவார். அந்த யோசனைகள் மட்டும் அத்தானோடு விழித்திருக்கும்.

இப்படி இருந்த காலத்தில்தான் ஒரு டாக்டர், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி அத்தானுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மாத்திரை போகவில்லை.

கூட்டத்தில் எவரும் கேட்காத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அத்தான் மாத்திரையை விடுவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அதற்குக் காரணம் அவர் மகள். மாத்திரையின் மப்பில் அவர் காலையில் கையில் ஒற்றைக் காலுறையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் வந்து ஏதேதோ சொல்வாள், படம் வரைந்ததைக் காட்டுவாள், பதில் வராது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம், "எங்கப்பாவுக்குக் காலையில காது கேட்காது" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனசுக்கார டீச்சர், அக்காவைக் கூப்பிட்டு ஒரு காது டாக்டரின் விலாசம் கொடுத்திருக்கிறார். அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிக்கவில்லை.

அத்தான் ரோஷக்காரர். கேட்ட அன்றே மாத்திரை அட்டையைக் குப்பையில் வீசினார். மறுநாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, குப்பைக்கூடையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரை அக்காதான் எழுப்பி ஒரு புது டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். அந்த அம்மாள் கறாரானவர். "ஒரேயடியா நிறுத்தக் கூடாதுங்க. உடம்பு பழகிடுச்சு. முதல்ல பாதி, அப்புறம் கால். நான் சொன்னாத்தான் அடுத்தது" என்றார். படுக்கையறையில் போன் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரை அக்காவின் பொறுப்பு. சமையலறை மேடையில் வைத்து, பிளேடால் வெட்டி, உதிர்ந்த தூளைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுப்பாள். மாத்திரை பாதியானது. போன் முழுசாகவே இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி கைகொடுத்தது. 'உறக்க மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. மேலாளர் தலைவர், மனிதவள அம்மாள் செயலாளர், விளம்பரத்துக்கு நான். வெளியிலிருந்து 'உறக்கப் பயிற்றுநர்' ஒருவரும் வரவழைக்கப்பட்டார். அவர் எதையும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். உரக்கப் பேசினால் அவருக்குத் தொழில் கெட்டுவிடும். குழுவின் தீர்மானம் இதுதான்: அடுத்து வரும் விற்பனையாளர் மாநாட்டில், அத்தான் மாத்திரை இல்லாமல், எங்கள் புதிய மெத்தையில், மேடையில், எல்லோர் கண்முன்னாலும் தூங்கிக் காட்ட வேண்டும். தூங்கினால் பாராட்டு. தூங்காவிட்டால் புகார்ப் பிரிவு கலைக்கப்பட்டு, அதன் தலைவருக்கு 'நிரந்தர ஓய்வு' அளிக்கப்படும். தூக்கம் வராதவருக்கு ஓய்வு கொடுக்கும் கம்பெனி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

உடனே பணிகள் முடுக்கிவிடப்பட்டன. பயிற்றுநர் அத்தானின் மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கும் ஒரு பட்டையைக் கட்டினார். ஆழ்ந்த உறக்கத்தை எட்டியதும் அது பாராட்டும் விதமாகக் கிடுகிடுவென்று அதிரும். அத்தான் பாராட்டை ஏற்றுக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். மனிதவள அம்மாள் தினமும் இரவில் போன் செய்து, தூங்கிவிட்டீர்களா என்று அக்கறையோடு விசாரித்தார். மேலாளர் வழக்கம்போல் கூப்பிட்டார். இப்போது யோசனைகளோடு, தூக்கத்தில் என்ன முன்னேற்றம் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மனுஷனைத் தூங்க வைக்கிறதுக்கு எத்தனை பேருடா முழிச்சிட்டிருக்கீங்க?" என்றாள். நிர்வாகத்தின் நுணுக்கம் அவளுக்குப் புரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அவள் கையில் பிளேடு இருந்தது.

மாநாட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. அத்தான் மெலிந்தார். பயிற்றுநருக்கே பயம் வந்துவிட்டது. தோற்றால் அவர் பெயரும் கெடும். அவர் குழுவின் முன் ஒரு புரட்சிகரமான உத்தியைக் கிசுகிசுத்தார். மாநாடு முடியும்வரை அத்தானை யாருமே கூப்பிடக் கூடாது என்பதுதான் அது. அறையில் சலசலப்பு எழுந்தது. மேலாளர் எழுந்து நின்று, கம்பெனிக்காக அந்தத் தியாகத்தைச் செய்வதாக அறிவித்தார். நாங்களும் எழுந்து நின்று கைதட்டினோம். அத்தானின் போன் வாங்கப்பட்டு அலுவலக இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டது. பட்டையையும் அக்கா கழற்றிக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அத்தான் எடுத்த எடுப்பில் தூங்கிவிடவில்லை. புரண்டார், வியர்த்தார், தாறுமாறாகக் கனவு கண்டார். மாத்திரை கேட்டு அக்காவோடு சண்டை போட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மா, இதெல்லாம் வரும், போய்விடும் என்றார். அதேபோல் போனது. கால் மாத்திரையும் குறைந்து, ஒருநாள் டாக்டரம்மா போதும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு காலையில் மகள் பக்கத்து அறையில் ஷூ நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு முணுமுணுக்க, "இரு, அப்பா வரேன்" என்று இங்கிருந்து குரல் போயிருக்கிறது. அவள் ஒற்றை ஷூவோடு ஓடிவந்து அத்தானின் காதைப் பிடித்துத் திருப்பி உள்ளே பார்த்தாளாம். அக்கா இதைச் சொன்னபோது நான் கைக்குட்டையைத் தேடினேன். விளம்பரப் பிரிவில் இருப்பவனுக்கு இது ஆகாது.

இதே நாட்களில் மேலாளரின் கண்கள் சிவந்தன. தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கினார். ஊழியர் ஒருவரின் விடுப்பு விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர் இடத்தில் தானே கையெழுத்திட்டார். மாநாட்டுப் பொறுப்பு மனிதரை வாட்டுகிறது என்று நாங்கள் உருகினோம்.

மாநாட்டு நாள். மேடை நடுவே கட்டிலில் புதிய மெத்தை, மேலே நீல விளக்கு. இஸ்திரி போட்ட இரவு உடையில் அத்தான் வந்து படுத்தார். விற்பனையாளர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அத்தான் மேலே பார்த்தார். நேரம் போனது. திரைக்குப் பின்னாலிருந்து பயிற்றுநர் என்னவெல்லாமோ கிசுகிசுத்தார். அத்தான் மரியாதைக்குக் கண்ணை மூடினார், மறுபடி திறந்துகொண்டார். முதல் வரிசையில் அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டால் வீடு எப்படி நடக்கும் என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது.

மேலாளர் பொறுக்க முடியாமல் கேட்டார். "என்னய்யா, தூங்கேன்."

"ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன் சார். இப்ப வர மாட்டேங்குது."

அரங்கம் சிரித்தது. மேலாளர் மேடையேறி, அத்தானைக் காதோடு காதாகத் திட்டுவதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையில் குத்தியிருந்த மைக்கை மறந்துவிட்டார். திட்டத்தான் ஆரம்பித்தார். ஆனால் எதிரே இருந்தது அத்தானின் காதாயிற்றே. இத்தனை நாள் சேர்ந்திருந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. தலையணை மூலை, ஸ்பிரிங், வாயிற்காவலர், விற்பனையாளர்களுக்கு மதியச் சாப்பாடு எதற்கு என்ற சந்தேகம் எல்லாம் ஒலிபெருக்கியில் வரிசையாக வந்தன. அத்தான் பழக்க தோஷத்தில் "சரி சார், சரி சார்" என்றார். மேலாளரின் குரல் தணிந்தது. தலை சாய்ந்தது. கால்கள் தாமாகவே மெத்தைமேல் ஏறின. அடுத்து ஒலிபெருக்கியில் வந்தது குறட்டை.

விற்பனையாளர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். மேலாளரையே சாய்த்துவிட்ட மெத்தை என்று ஆர்டர்கள் குவிந்தன. அத்தான் அவருக்குப் போர்த்திவிட்டு, விளக்கைத் தணிக்கச் சொல்லிவிட்டு, அக்காவோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் குழு கூடி, வெற்றி முழுவதும் மெத்தைக்கே என்று தீர்மானித்தது. புகார்ப் பிரிவு தப்பியது. தூங்கித் தெளிந்த முகத்தோடு மேலாளர் இரும்புப் பெட்டியைத் திறந்து போனை எடுத்து, இனி இரவில் இதை அணைக்கவே கூடாது என்று அத்தானிடம் நீட்டினார். அத்தான் கை நீட்டவில்லை.

"ஒரேயடியா நிறுத்தினா உங்களுக்குத் தாங்காது சார். முதல்ல பாதி போன். அதுவும் ஆபீஸ் மூடுறதுக்குள்ள. அப்புறம் கால் போன். மெதுவா விட்டுடலாம்."

"நான் எதுக்குய்யா விடணும்? நான் என்ன மாத்திரையா போடுறேன்?"

குழுவினர் அனைவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். எங்கள் மேலாளர் தம் ஆயுளில் ஒரு மாத்திரையும் விழுங்கியதில்லை என்பதற்கு நானே சாட்சி. வருடக் கணக்கில் இரவுதோறும் அவர் விழுங்கியதற்கு ஒரு மனைவி இருந்தாள். அப்பாவுக்குக் காது கேட்காது என்று நம்பிய ஒரு மகளும் இருந்தாள்.