மாப்பிள்ளைக்கு வைத்த பொட்டு

கல்யாணமே செய்துகொள்ளாமல் மாமனார் ஆன ஒரே மனிதர் இந்தப் பூமியில் அவர்தான். மயிலாப்பூரில் நான் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் தலைமை டெக்னீஷியன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மாமனார்.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைக் கொடுத்தால், அதன் பெயர் என்ன, எந்த மருந்துக்குச் சாகும் என்று தானாகவே சொல்லிவிடும். சாகும் என்றால் எஸ். சாகாது என்றால் ஆர். அதைப் பார்த்து டாக்டர் மருந்து எழுதுவார்.

ஏ.சி. இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். கிருமியைக்கூட ஃபாரின் பிளாஸ்டிக் கார்டில் வைத்துக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும்.

"இது மெஷின் இல்லப்பா, மாப்பிள்ளை" என்றார் அவர். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தோம். மறுநாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் போனார். "மாப்ளே, ஏ.சி. போதுமா? கூட்டி வைக்கட்டுமா?"

பாட்டில் கழுவும் ஸ்டெல்லாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா சார், மெசினை வாங்க போங்கன்ற, என்னை மட்டும் வா போன்ற?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. அவர் வெளியிலேர்ந்து வந்தவர்."

தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி. தி.நகரில் ஜரிகை அங்கவஸ்திரம் வாங்கி வந்து போர்த்தினார். அடுத்து பொட்டு. மெஷினுக்கு நெற்றி எது? கார்டைப் படிக்கும் கண் உள்ளே இருப்பதாக கம்பெனி இன்ஜினியர் சொல்லியிருந்தார். கண்ணுக்கு மேலேதானே நெற்றி? மெஷினின் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

லீவு முடிந்து வந்த முதல் ரத்தம் என் அக்காவுடையது. ராயப்பேட்டை நர்சிங் ஹோமில் பிரசவமான கையோடு ஜுரத்தில் விழுந்திருந்தாள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை நான்தான் டைப் அடித்தேன். ஆர். ஆர். ஆர். கடைசி வரை ஆர். அக்காவைப் பிழைக்க வைக்க மருந்தே இல்லையா? அதற்கு மேல் எனக்கு டைப் அடிக்க வரவில்லை.

"உங்க அக்காவா? இதை அனுப்பாதே" என்றார் மாமனார். அக்காவின் கிருமியோடு இன்னொன்றையும் மெஷினில் வைத்தார். சரிபார்க்கவென்றே வளர்த்த கிருமி அது. எந்த மருந்தைக் காட்டினாலும் செத்துப்போகிற பரம சாது. "மாப்ளே, இன்னொரு தரம் நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

பிறகு அடுத்த அறைக்குப் போய், அக்காவின் கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைத்தார். பழைய முறை. "மெதுவாப் பேசு. அவர் காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்."

மறுநாள் காலை, பரம சாதுவுக்கும் ஆர் போட்டிருந்தது மெஷின்.

மாமனாரின் குரல் உடைந்தது. "மாப்பிள்ளை பொய் சொல்றார்."

கதவைத் திறந்து பார்த்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்து கண்ணை மூடியிருந்தது. மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் கிருமி மருந்துக்குச் சாகாமல் வளர்ந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது மெஷின்.

"மாப்பிள்ளை கண்ணுலயே மண்ணைத் தூவிட்டேனே!"

அடுத்த அறைத் தட்டில், ஒரு வில்லையைச் சுற்றி அக்காவின் கிருமி வட்டமாகச் செத்துக் கிடந்தது. அவரே நர்சிங் ஹோமுக்கு போன் போட்டு, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். சில நாட்களில் ஜுரம் இறங்கியது. நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அவர் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வந்திருந்தார். "நீங்களே பொட்டு வெச்சுவிடுங்க சார்" என்று அக்கா குழந்தையை நீட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. சந்தனத்தைத் தொட்டு, குழந்தையின் கண்களை இடது கையால் மூடிக்கொண்டு, ஏறக்குறைய உச்சந்தலையில் வைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.